தூண்டில் போடும் கரையில் யாருக்கு இடம்?

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஒரே திசையில் இறங்குவதில்லை. தலைச்சோலை போன்ற மலையூர்களின் ஓடைகள் பள்ளம் பள்ளமாக இறங்கி, அடிவாரத்தில் வெவ்வேறு ஆறுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. வடக்குப் பக்கம் வாணியாறு. தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி அருகே அணையில் தேங்கி, பிறகு தென்பெண்ணையில் சேர்கிறது. மேற்குப் பக்கம் சரபங்கா நதி. ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிறது. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து வெளியேறி, நாமக்கல் மாவட்டம் வழியாக அதே காவிரியில் கலக்கிறது.

இந்த ஆறுகளில் தண்ணீர் வருடம் முழுவதும் ஓடாது. புரட்டாசியில் தொடங்கி தை வரை ஓட்டம் இருக்கும். அந்த நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் அடிவாரத்து ஆற்றங்கரையிலும், அந்த ஆறுகளால் நிரம்பும் ஏரிக்கரைகளிலும் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கி வந்தவர்கள், பாக்குத் தோப்பு வேலை முடித்தவர்கள், செங்கல் சூளையில் இருந்து திரும்பியவர்கள், கட்டட வேலைக்காரர்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள். இவர்களில் பெரும்பாலோர் எங்கள் தெருக்களைச் சேர்ந்தவர்கள்தான்.

நகரத்தில் இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். எங்கள் தெருவில் 'மீனுக்குப் போறது' என்றுதான் சொல்வோம். வேலைக்குப் போவது, கடைக்குப் போவது போல அதுவும் ஒரு போக்கு. கிடைத்தால் அன்றைக்குக் குழம்பு. கிடைக்காவிட்டால் ரசம்.

சின்ன விஷயம்போலத் தெரியும் இந்த மாலைத் தூண்டிலுக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஊர்த் தண்ணீர் யாருடையது? அதில் நீந்தும் மீன் யாருடையது? கரையில் உட்கார யாருக்கு உரிமை? இந்த மூன்றுக்கும் விடை ஒன்றல்ல. மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் எங்கள் பிள்ளைகளைக் கரையில் இருந்து விரட்டுகிறார்கள்.

படிக்காத பாடம்

தூண்டிலுக்குத் தேவையானவை எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைக்கும். ஒரு மூங்கில் கழி, கடையில் வாங்கிய நரம்பு, ஒரு முள். தக்கைக்குச் சோளத்தட்டைத் துண்டு போதும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பை அறுத்தும் செய்துகொள்ளலாம். பாரத்துக்கு ஈயத் துண்டு. இரைக்கு எருக்குழியைக் கிளறினால் மண்புழு. காலையில் மிஞ்சிய ராகிக் களியைக் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கோடு பிசைந்து உருட்டினால் கெண்டைக்கும் ரோகுவுக்கும் அதுதான் விருந்து. கெளுத்திக்குக் கோழிக் குடல். விராலுக்குச் சின்னத் தவளை.

ஏன் மாலையில் போகிறோம்? பகல் முழுக்கக் கூலி வேலை என்பது ஒரு காரணம். மீனின் வழக்கம் இன்னொரு காரணம். உச்சி வெயிலில் மேல்தண்ணீர் சூடேறுவதால் மீன்கள் ஆழத்துக்கும் நிழலுக்கும் ஒதுங்கிவிடும். வெயில் தாழ்ந்ததும் பூச்சிகள் தண்ணீர் மேல் இறங்கும். கரையோரம் இரை தேடி மீன் வரும். கெளுத்தியும் ஆராலும் இருட்டத் தொடங்கும்போதுதான் புற்றைவிட்டும் சேற்றைவிட்டும் வெளியே வரும். ஆகவே ஐந்தரை மணியில் இருந்து ஏழு மணி வரைதான் நல்ல நேரம்.

தக்கையைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தக்கை விட்டு விட்டுத் துள்ளினால் பொடிமீனோ ஜிலேபியோ இரையைக் கொத்துகிறது. ஒரே இழுப்பாக முங்கினால் கெளுத்தி அல்லது விரால். நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று படுத்துக்கொண்டால், கெண்டை இரையை வாயில் கவ்வி மேலே தூக்குகிறது என்று பொருள். பாரம் தூக்கப்பட்டதால் தக்கை சாய்கிறது. இயற்பியல் புத்தகத்தில் மிதப்பு விசை என்று நம் பிள்ளைகள் படிக்கும் பாடத்தை இவர்கள் கரையில் உட்கார்ந்தே படித்துவிட்டார்கள்.

பெண்கள் தூண்டில் பிடிப்பது குறைவு. ஆனால் வாய்க்காலிலும் வயலிலும் கூடையை வைத்துப் பொடிமீன் அள்ளுவது, நண்டு பிடிப்பது, நத்தை பொறுக்குவது பெரும்பாலும் அவர்கள் வேலைதான். மீனை ஆய்ந்து, கழுவி, குழம்பு வைப்பதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. மாலைத் தூண்டிலைப் பற்றிப் பேசும்போது இந்த வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆபத்தும் உண்டு. கெளுத்தியின் முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்கும். தேளியின் முள் அதைவிட மோசம். இருட்டில் பாம்பு கிடக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மணல் அள்ளிய குழி. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர்போல இருக்கும். அடுத்த அடி ஆள் ஆழம். மாணவர்கள் தனியாகப் போகக் கூடாது. வீட்டில் சொல்லாமலும் போகக் கூடாது.

'சேற்று மீன்' என்ற ஏளனம்

நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. முள்ளோடு சேர்த்து மென்று தின்னும் பொடிமீனில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. இந்த நிலையில் காசில்லாமல் வீட்டுக்கு வரும் அரை கிலோ மீன் சாதாரணமானதல்ல. மண்சட்டியில் புளி கரைத்து வைக்கும் குழம்பு இரவுச் சோற்றுக்கும் ஆகும். மறுநாள் காலைக் களிக்கும் ஆகும்.

ஆனால் இந்த உணவைச் சொல்லியே எங்களை ஏசுவதும் நடக்கிறது. நண்டு, நத்தை, சேற்று மீன் தின்கிறவர்கள் என்பது வசையாகவே நெடுநாளாகப் புழங்குகிறது. கடல் மீனையும் பண்ணை மீனையும் விலை கொடுத்து வாங்கினால் மரியாதை. அதே ஏரியின் மீனைத் தூண்டிலில் பிடித்தால் இளக்காரம். இங்கே மீனுக்கும் சாதி பார்க்கிறார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதையல்ல. இங்கிலாந்தில் மீன்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சால்மன், டிரவுட் இரண்டும் சீமான்களின் மீன். மற்ற நன்னீர் மீன்கள், அதாவது கெண்டை வகைகள், பெர்ச், பைக் எல்லாம் 'கோர்ஸ்' மீன். கோர்ஸ் என்றால் சொரசொரப்பானது, நயமில்லாதது என்று அர்த்தம். நல்ல டிரவுட் ஓடும் ஆறுகளை நிலவுடைமையாளர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் போன்ற ஆலை நகரங்களின் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது 'நயமில்லாத' மீன்தான்.

அந்தத் தொழிலாளர்கள் அதோடு நின்றுவிடவில்லை. சங்கம் சேர்த்தார்கள். ரயிலேறிப் போய் ஆறுகளிலும் கால்வாய்களிலும் மீன் பிடித்தார்கள். வருடம் முழுக்கப் பிடித்தால் மீன் இனமே அழியும் என்று உணர்ந்து, இனப்பெருக்கக் காலத்துக்குத் தடை கேட்டார்கள். ஷெஃபீல்டின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா முயற்சியால் 1878-இல் அதற்குச் சட்டம் வந்தது. மார்ச் நடுவில் தொடங்கி ஜூன் நடு வரை ஆறுகளில் அந்த மீன்களைப் பிடிக்கக் கூடாது என்ற விதி இன்றும் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. ஏளனம் செய்யப்பட்ட மீனுக்காக, ஏளனம் செய்யப்பட்ட தொழிலாளர்கள் கேட்டுப் பெற்ற சட்டம் அது.

அதே காலத்தில் வெள்ளை அதிகாரிகள் நம் நாட்டு ஆறுகளிலும் தூண்டில் போட்டார்கள். சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏற்காட்டிலும் வெள்ளையர்கள் வந்து குடியேறினார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். எஸ்டேட் வந்தது, கூலி வேலை வந்தது, அடிவாரத்தில் இருந்து எங்கள் முன்னோர் மலையேறினார்கள். துரைக்குத் தூண்டில் விளையாட்டாக இருந்தது. கூலிக்காரருக்கு அது இரவுச் சாப்பாடு.

ஏலம் போகும் மீன்

ஓடுகிற ஆற்றில் தூண்டில் போடுகிறவரைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. தொல்லை தொடங்குவது தண்ணீர் தேங்கும் இடத்தில். ஏரியிலும் குளத்திலும் மீன்பாசி குத்தகை என்று ஒன்று இருக்கிறது. ஊராட்சியின் பொறுப்பில் உள்ள நீர்நிலையின் மீனை ஊராட்சி ஏலம் விடும். மற்ற அரசு ஏரிகளை அந்தந்தத் துறை ஏலம் விடும். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி ஆண்டுக் கணக்கில் குத்தகை ஓடும். எடுத்தவர் மீன்குஞ்சு வாங்கி விடுவார். வளர்ந்ததும் பிடித்து விற்பார். அவர் பணம் போட்டிருக்கிறார், மீன் அவருடையது. இதில் தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில். ஏலத்தை யார் எடுக்கிறார்கள்? எப்படி எடுக்கிறார்கள்? ஏல அறிவிப்பை ஊருக்குச் சொல்லத் தண்டோரா போடுவது பல தலைமுறையாக எங்கள் ஆட்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை. பறையைத் தோளில் மாட்டித் தெருத்தெருவாகப் போய் 'ஏரி மீன் ஏலம்' என்று கூவியவர், ஏலம் நடக்கும் திண்ணைப் பக்கம் போய்க் கேட்க முடிந்ததா? இந்தத் தண்டோரா முறையைக் கைவிட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம். பறை ஓய்ந்தது. ஆனால் ஏலத்தில் கை தூக்கும் உரிமை தானாக வந்துவிடவில்லை. முன்பணம் வேண்டும், ஊர்க்காரர்களின் மிரட்டலைத் தாங்கும் துணிச்சல் வேண்டும்.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஏன் இவ்வளவு போட்டி என்று கேட்டால், ஏரி மீனும் புளியமரமும் கடை வாடகையும் அதற்குள் இருக்கின்றன என்பதுதான் பதில். ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும் சில ஊர்களில் எழுந்த ஆத்திரத்தைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் மேலும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பொதுச் சொத்தின் சாவி யார் கையில் என்ற கேள்வியையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு எல்லோரும் இறங்குவார்கள். சாதி மத பேதமின்றி மீன் பிடித்தார்கள் என்று மறுநாள் செய்தி வரும். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பேதமின்மை ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும்தானா? மீதி 364 நாளும் அதே கண்மாயின் கரையில் என்ன நடக்கிறது?

எங்களுக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அடிவாரத்து ஏரி ஒன்றில் எங்கள் தெருப் பையன்கள் மூவர் மாலையில் தூண்டில் போட்டிருந்தார்கள். குத்தகைக்காரரின் ஆட்கள் வந்து கழிகளை முறித்தார்கள். "இது உங்க அப்பன் ஏரியா?" என்று கேட்டார்கள். எதிர்க்கரையில் வேறு தெருப் பையன்கள் நாலைந்து பேர் அதே நேரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் பையன்கள் முறிந்த கழியோடு வீடு திரும்பினார்கள். பெரியவர்கள், "குத்தகை ஏரிக்கு ஏன்டா போனீங்க?" என்று அவர்களையே திட்டினார்கள். கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அங்கே முடிந்திருக்கக் கூடாது.

சட்டம் எந்தப் பக்கம்?

1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதற்கும் எந்த வகுப்பாரும் செல்லத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்று ஆணையிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மராட்டியத்தின் மகாட் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகப் போய் சவதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923-லேயே தீர்மானித்திருந்தது. மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்திருந்தது. ஆனால் கரையில் கால் வைக்க விடவில்லை. தண்ணீர் குடித்த அன்றே தாக்குதல் நடந்தது. வழக்கு பத்து ஆண்டு இழுத்து, 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் பக்கம் முடிந்தது. காகிதத்தில் உள்ள உரிமை வேறு, கரையில் கிடைக்கும் உரிமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

விடுதலைக்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டது.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் அடுத்தது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும், ஆறு, ஓடை, குளம் போன்றவற்றைப் பயன்படுத்த விடாமல் செய்வதும் குற்றம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. தண்டனை ஆறு மாதத்தில் இருந்து ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

'மற்றவர்களுக்குச் சமமாக' என்ற சொற்களைக் கவனியுங்கள். குத்தகை ஏரியின் மீனைக் குத்தகைக்காரரின் அனுமதியின்றிப் பிடிக்கும் உரிமையை இந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை. எல்லோரையும் அவர் தடுத்தால் நாமும் விலகித்தான் நிற்க வேண்டும். ஆனால் எதிர்க்கரையில் ஒருவரை விட்டுவிட்டு, இந்தக் கரையில் நம்மை மட்டும் விரட்டினால் அது மீன் கணக்கு அல்ல, சாதிக் கணக்கு. மேலே சொன்ன மூன்று பையன்களுக்கு நடந்தது அதுதான். இன்னொன்றும் உண்டு. குத்தகை மீனுக்கு மட்டுமே. தண்ணீரும் கரையும் குத்தகைக்குப் போவதில்லை. மாடு தண்ணீர் குடிப்பதையும், துணி துவைப்பதையும், கரையில் ஒருவர் உட்காருவதையும் நிறுத்தக் குத்தகைச் சீட்டு யாருக்கும் அதிகாரம் தராது.

மலைமேல் வேறு சட்டம்

தலைச்சோலை பக்கத்து மலையூர்களில் நிலைமை சற்று வேறு. அங்கே பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். ஓடைகள் பல காப்புக்காட்டை ஒட்டியும் அதற்குள்ளும் ஓடுகின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி மீன் பிடித்தால் வனத்துறை வழக்குப் போட முடியும்.

ஆனால் 2006-இன் வன உரிமைச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவு, காட்டில் வாழும் சமூகத்துக்கு நீர்நிலைகளின் மீன் மீதும் பிற நீர்ப்பொருள் மீதும் சமூக உரிமை உண்டு என்கிறது. கிராமசபை கூடி, வன உரிமைக் குழு அமைத்து, மனு கொடுத்து அந்த உரிமையைப் பெற வேண்டும். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அங்கே வாழ்ந்ததைக் காட்டினால் போதும். எஸ்டேட் வேலைக்கு வந்து மலையிலேயே தங்கிவிட்ட தலித் குடும்பங்களுக்கு அப்படியல்ல. பிற பாரம்பரிய வனவாசிகள் என்ற வகையில் அவர்கள் 75 ஆண்டுக்கால வாழ்வையும் காட்டை நம்பிய பிழைப்பையும் மெய்ப்பிக்க வேண்டும். பட்டா இல்லாத, லயன் வீட்டில் பிறந்து லயன் வீட்டிலேயே இறந்த தாத்தாவுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று விதி சொல்கிறது. எனவே பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் நினைவை எழுதி வைப்பது அவசரமான வேலை. படிக்கும் பிள்ளைகளால்தான் அது முடியும்.

மீனே இல்லாமல் போனால்?

உரிமை கிடைத்தும் ஆற்றில் மீன் இல்லாவிட்டால் என்ன பயன்? திருமணிமுத்தாறு சேலத்தைத் தாண்டும்போது சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு போகிறது. சேகோ ஆலைக் கழிவு கலக்கும் ஓடைகளில் தண்ணீரின் நாற்றமே மீன் இல்லை என்று சொல்லிவிடும். கழிவு கடைசியாகப் போய்த் தேங்கும் தாழ்வான பகுதிகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால், அதிலும் சாதி தெரியும். தலித்துகளும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம்தான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியானபோதுதான் பலருக்கும் அந்தப் பிரிவு நினைவுக்கு வந்தது.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்க வேண்டியதில்லை. தோட்டா போடுவது, மருந்து கலப்பது, மின்சாரம் பாய்ச்சுவது ஆகியவை எல்லாத் தெருவிலும் நடக்கின்றன. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-இன் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. தோட்டா போட்டால் குஞ்சும் சினையும் சேர்ந்து சாகும், கையும் போகும். மருந்து கலந்த தண்ணீரைக் கீழே இருக்கும் ஊரார் குடிக்கிறார்கள். தூண்டில் அப்படியல்ல. ஒரு முள்ளுக்கு ஒரு மீன். சின்னதாக இருந்தால் திரும்ப விட்டுவிடலாம்.

1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி மீன் பெருகி நாட்டுக் கெண்டைகளை நெருக்குகிறது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி பண்ணைகளில் இருந்து தப்பி ஏரிகளுக்குள் வந்துவிட்டது. கிடைக்கும் மீனையெல்லாம் விழுங்கும் அது தூண்டிலில் மாட்டினால் தண்ணீரில் திரும்ப விடாதீர்கள்.

இன்னொரு பக்கம், ஏரிகளுக்குத் தண்ணீரும் வருகிறது. மேட்டூர் அணையின் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டம் 2021-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஏரி நிரம்பினால் மீன் வரும். மீன் வந்தால் ஏலம் வரும். அந்த ஏலத்தில் நம் பெயர் இருக்குமா, நம் தெருவுக்கு அதன் வருமானத்தில் ஒரு தெருவிளக்காவது வருமா என்பதை இப்போதே கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நம் ஊர் ஏரியின் மீன்பாசி எவ்வளவுக்கு ஏலம் போனது, யார் எடுத்தார், பணம் எதற்குச் செலவானது என்று அங்கே கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு போடலாம்.

இரண்டு: தனியாளாக ஏலம் கேட்க முடியாவிட்டால் குழுவாகக் கேட்கலாம். மகளிர் குழுவும் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கமும் அதற்கு வழி. பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பயனாளிகளுக்கான பணிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 40 விழுக்காடு. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்று: குத்தகைச் சீட்டின் நகலைக் கேளுங்கள். தூண்டிலுக்கு அனுமதி உண்டா இல்லையா என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் கரையில் பலகையாக எழுதி வைக்கும்படி கிராமசபையில் தீர்மானம் போடலாம்.

நான்கு: சாதியைக் காட்டி விரட்டினால் கைகலப்பு வேண்டாம். நாள், நேரம், இடம், இருந்தவர்கள் பெயர், எதிர்க்கரையில் யார் தூண்டில் போட்டிருந்தார்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். முடிந்தால் படம் எடுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

ஐந்து: வீட்டுப் பெரியவர்கள் பையன்களைத் திட்டுவதை நிறுத்த வேண்டும். "ஏன்டா போனீங்க?" என்பதைவிட "யார் முறிச்சது, யார் பார்த்தது?" என்று கேளுங்கள். பையன்கள் எழுதுவார்கள், நாம் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுப்போம்.

இந்த ஆண்டும் மழை இறங்கும். அடிவாரத்து ஏரிகள் ஒவ்வொன்றாக மறுகால் பாயும். அதற்கு முன்பே அடுத்த கிராமசபையில் மீன்பாசிக் கணக்கைக் கேட்டுவிடுவோம்.